வேர்ட்நெட் மதிப்புரை: பதுங்கிப் போவதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

"பூனை மாதிரி உள்ளே நுழைந்தான்" என்ற ஒரு வரியை ஆங்கிலமாக்க உட்கார்ந்தால் ஸ்னீக், க்ரீப், ஸ்லிங்க், ஸ்கல்க், ப்ரௌல், சைடில், டிப்டோ, ஸ்லிப், ஸ்டீல் என்று ஒன்பது வினைகள் வரிசையில் வந்து நிற்கும். கையடக்க அகராதியைப் புரட்டினால் பாதிச் சொற்களுக்கு "மறைவாக நட" என்றே பொருள் போட்டிருக்கும். மொழிபெயர்ப்பவர்களும் ஆங்கிலத்தில் கதை எழுதுபவர்களும் கடைசியில் தஞ்சம் புகுவது, ஆங்கிலச் சொற்களைப் பொருளின்படி இணைத்துக் காட்டும் இலவசக் கணினி அகராதியான வேர்ட்நெட்டில். மறைவு, ரகசியம், சத்தமில்லாத நடமாட்டம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்று இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தெந்தச் சொற்கள் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன என்று காட்டுவதில் இதற்கு நிகரான இலவசக் கருவி இல்லை. அவற்றில் எது உங்கள் வாக்கியத்தில் உட்காரும் என்பதை மட்டும் இதனிடம் கேட்கக் கூடாது.

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கிய திட்டம் இது. சொற்கள் அகரவரிசையில் இல்லாமல் பொருளின்படி கூட்டம் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சின்செட் என்று பெயர். 3.0 பதிப்பில் மொத்தம் 1,17,659 சின்செட்டுகள். அவற்றில் வினைகளுக்கு உரியவை 13,767. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும், பலவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் உண்டு. உரிமம் தாராளமானது, வணிகப் பயன்பாட்டுக்கும் காசு கேட்பதில்லை.

இந்தக் கருவியின் உண்மையான பலம் வினைகளை அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது. "நட" என்பதற்கான வாக் என்ற வினையை எடுத்து, அதற்குக் கீழே உள்ள கிளைகளை விரித்துப் பாருங்கள். நொண்டி நடப்பது, தள்ளாடி நடப்பது, நுனிக்காலில் நடப்பது, பதுங்கி நடப்பது எல்லாம் தனித்தனி வினைகளாக இறங்கி வரும். இந்த "எப்படி" என்ற உறவுக்கு ட்ரோபோனிம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு இது பெரிய திறவுகோல். நாம் பதுங்கிப் போனான், நழுவிப் போனான், ஒளிந்து வந்தான் என்று முன்னால் ஒரு வினையெச்சத்தைப் போட்டு "எப்படி" என்பதைச் சொல்லிவிட்டு, பின்னால் போ, வா என்ற எளிய வினையை வைக்கிறோம். ஆங்கிலம் அந்த எச்சத்தை வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. ஆகவே தமிழ் வாக்கியத்தில் போனான் என்ற சொல்லைத் துரத்தாமல், அதற்கு முன்னால் உள்ள எச்சத்தைப் பிடித்துக்கொண்டு ட்ரோபோனிம் கிளையில் தேட வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில், என்எல்டிகே என்ற மொழி ஆய்வு நூலகம் வழியாகத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது: அதில் ட்ரோபோனிம் என்று தனிக் கட்டளை கிடையாது. பெயர்ச்சொற்களின் கீழ்வகைகளைத் தரும் ஹைப்போனிம் கட்டளையையே வினைக்கும் கொடுத்தால் வந்துவிடும்.

சிக்கல் சின்செட்டுக்குள் நுழைந்த பிறகு ஆரம்பிக்கிறது.

ஸ்னீக் என்று தேடினால் அதே கூட்டத்தில் க்ரீப், மௌஸ், புஸிஃபுட் ஆகிய மூன்றும் சமமாக உட்கார்ந்திருக்கும். விளக்கம், பதுங்கிப் பதுங்கிப் போவது. இதை நம்பி "திருடன் அறைக்குள் புஸிஃபுட் செய்தான்" என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் அரௌண்ட் என்ற ஒட்டோடு வந்து, பட்டும் படாமலும் பேசுவதையும், நேராக முடிவு சொல்லாமல் மழுப்புவதையும்தான் குறிக்கிறது. மௌஸ் என்பதை வினையாக்கிப் பதுங்கி நடப்பதற்கு இன்று யாரும் எழுதுவதில்லை. மூன்றில் க்ரீப் மட்டுமே ஸ்னீக்குக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தது. அதிலும் க்ரீப்பில் வேகம் குறைவு, உடல் தாழ்ந்திருக்கும், அடிமேல் அடி வைக்கும் நடை. ஸ்னீக்கில் வேகம் பொருட்டல்ல. யாரையோ ஏமாற்றிவிட்டுப் போகிறோம் என்ற குறுகுறுப்புதான் முக்கியம். வகுப்பிலிருந்து நைசாகக் கழன்றுகொள்வது ஸ்னீக். தூங்கும் குழந்தையை எழுப்பாமல் நுனிக்காலில் நடப்பது டிப்டோ. அதில் கள்ளம் துளியும் இல்லை.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல்லின் பல பொருள்களை வேர்ட்நெட் வரிசைப்படுத்தும்போது, கையால் குறியிடப்பட்ட செம்கோர் என்ற உரைத்தொகுப்பில் எந்தப் பொருள் எத்தனை முறை வந்தது என்பதைப் பார்க்கிறது. செம்கோரின் அடித்தளம் பிரௌன் தொகுப்பு. அதில் இருப்பவை 1961இல் அமெரிக்காவில் அச்சான உரைகள். இது ஒரு சொல்லின் பொருள்களுக்குள் உள்ள வரிசையைத்தான் சொல்லும். கூட்டத்தில் உள்ள எந்தச் சொல் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பதற்கு அடையாளமே இல்லை. "பழைய வழக்கு", "பேச்சு வழக்கு", "கேலியாக" என்று நல்ல அகராதிகள் போடும் சிறு குறிப்பு, இந்தத் துறையில் உப்பு மாதிரி. வேர்ட்நெட்டில் அது அரிதாகவே கிடைக்கும்.

லர்க் என்ற சொல்லில் வேறு வகைக் குழப்பம். லர்க்கும் ஸ்கல்க்கும் ஒரே சின்செட்டில் இருக்கின்றன. ஆனால் லர்க் செய்பவர் எங்கும் போவதில்லை. இருட்டில், புதர் மறைவில், மாடிப்படி அடியில் பதுங்கி இருக்கிறார், அவ்வளவுதான். "சமையலறைக்கு லர்க் செய்தான்" என்று சேருமிடத்தைப் போட்டு எழுதினால் வாக்கியம் உடைந்துவிடும். ஆபத்து, சந்தேகம், நோய் போன்ற உயிரில்லாதவையும் லர்க் செய்யும். ஸ்கல்க் அப்படி இல்லை. ஸ்கல்க் என்றால் ஆள் வேண்டும், அல்லது நரி வேண்டும், அதில் கோழைத்தனமோ கெட்ட எண்ணமோ வேண்டும். கடமையிலிருந்து தப்பித்து ஒளிந்து திரிவது என்றும் ஸ்கல்க்குக்கு ஒரு பொருள் உண்டு. அதை வேர்ட்நெட் தனிச் சின்செட்டாகச் சரியாகப் பிரித்திருக்கிறது. இணையக் குழுக்களில் எதுவும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போவதை லர்க் என்கிறார்களே, அந்தப் பொருளை இதில் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஸ்லிங்க், ப்ரௌல், சைடில் மூன்றையும் மனத்தில் படமாக வைத்துக்கொண்டால் போதும். தோற்றவனோ அவமானப்பட்டவனோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவுவது ஸ்லிங்க். பெரும்பாலும் அவே அல்லது ஆஃப் கூடவே வரும், இறந்தகாலம் ஸ்லங்க். இரை தேடும் விலங்கு போல ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி நோட்டம் விடுவது ப்ரௌல். நேராக வராமல் பக்கவாட்டில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்வது சைடில். கல்யாண வீட்டில் கடன் கேட்க வருபவர் பக்கத்தில் வந்து நிற்கும் விதம் அது, அப் டு என்ற ஒட்டு இல்லாமல் பாதி உயிர்தான் இருக்கும். இந்த ஒட்டுகளைப் பற்றி வேர்ட்நெட் எதுவும் சொல்லாது. வினைகளுக்கு மொத்தம் 35 மாதிரி வாக்கிய அச்சுகள் வைத்திருக்கிறார்கள். "யாரோ ஒருவர் இதைச் செய்கிறார்", "யாரோ ஒருவர் முன்னிடைச்சொல்லோடு இதைச் செய்கிறார்" என்ற அளவில் அவை நின்றுவிடும். எந்த முன்னிடைச்சொல் என்பதுதான் நமக்கு வேண்டியது.

பெயரடைகளுக்கு வரும்போதுதான் இந்தக் கருவி மிக மோசமாகக் காலை வாருகிறது. க்ளான்டெஸ்டின், சீக்ரெட், சர்ரெப்டிஷஸ், அண்டர்கவர், ஹஷ்-ஹஷ், அண்டர்கிரவுண்ட், க்ளோக்-அண்ட்-டாகர், ஹக்கர்-மக்கர் எல்லாம் ஒரே கூட்டில். விளக்கம், மறைந்த நோக்கமோ மறைவான முறையோ கொண்டது. இன்னொரு கூட்டில் ஃபர்ட்டிவ், ஸ்னீக்கி, ஸ்டெல்தி, மறுபடியும் சர்ரெப்டிஷஸ். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுத முடியாது.

பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: இங்கே மறைக்கப்படுவது எது?

ஃபர்ட்டிவ் என்பதில் மறைக்க முயல்வது குற்ற உணர்வு. ஆனால் முகமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. தமிழில் "திருட்டு முழி" என்கிறோமே, அச்சு அசலாக அதுதான். அதனால்தான் க்ளான்ஸ், லுக் போன்ற பார்வைச் சொற்களோடு அது ஒட்டிக்கொள்கிறது. ஓர் அமைப்பையோ ராணுவ நடவடிக்கையையோ ஃபர்ட்டிவ் என்றால் பொருந்தாது. அமைப்புக்கு முழி ஏது?

சர்ரெப்டிஷஸ் என்பதில் மறைக்கப்படுவது ஒரு சின்னச் செயல், அதுவும் மற்றவர்கள் கண்ணெதிரிலேயே. கூட்டம் நடக்கும்போது மேசைக்கு அடியில் கைபேசியைப் பார்ப்பது, சட்டைப் பையில் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிடுவது. செய்பவர் முகத்தில் சலனமே இருக்காது. இதற்கு நம்மிடம் "கமுக்கமாக" இருக்கிறது.

க்ளான்டெஸ்டின் என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு பேராவது வேண்டும். தடை இருக்க வேண்டும், அந்தத் தடையை மீறி அவர்கள் சேர்ந்து திட்டமிட வேண்டும். சந்திப்பு, உறவு, அச்சகம், இயக்கம், திருமணம் எல்லாவற்றுக்கும் வரும். இங்கிலாந்தில் 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஊரறியாமல் நடக்கும் மணங்களைத் தடுப்பதற்கான சட்டம் அது. தொல்காப்பியக் களவியலைப் படித்தவருக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும்.

கோவர்ட் என்பது அரசும் படையும் உளவுத்துறையும் புழங்கும் சொல். இதற்கும் க்ளான்டெஸ்டினுக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கறாரான வேறுபாடு வைத்திருக்கிறது. நடவடிக்கையே நடந்ததாகத் தெரியக் கூடாது என்றால் க்ளான்டெஸ்டின். நடந்தது தெரிந்தாலும் பரவாயில்லை, செய்வித்தது யார் என்று தெரியக் கூடாது என்றால் கோவர்ட். பாலம் இரவில் வெடித்து விழுந்ததை ஊரே பார்க்கிறது, யார் வைத்த வெடி என்பதுதான் தெரியவில்லை. இது இரண்டாம் வகை. செய்திகளை மொழிபெயர்க்கும்போது இரண்டையும் "ரகசிய நடவடிக்கை" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் செய்தியின் முதுகெலும்பே போய்விடுகிறது. வேர்ட்நெட்டின் விளக்கத்தில் இந்த வேறுபாட்டின் வாசனைகூட இல்லை.

அண்டர்கவர் என்றதும் "மஃப்டி போலீஸ்" என்று போட்டுவிடுகிறோம். மஃப்டி என்பது சீருடை இல்லாத சாதாரண உடை. காவலர் யார் என்று கேட்டால் காவலர் என்றே சொல்வார். அண்டர்கவர் என்றால் பொய்ப் பெயர், பொய்த் தொழில், சில சமயம் மாதக்கணக்கில் அந்தக் கும்பலுக்குள்ளேயே வாழ்க்கை. "வேறு அடையாளத்தில் ஊடுருவிய அதிகாரி" என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை. ஹஷ்-ஹஷ் மட்டும் மொழிபெயர்ப்பவருக்குக் கிடைத்த பரிசு: காதும் காதும் வைத்த மாதிரி. தொனியும் பொருந்துகிறது, இரட்டிப்பும் பொருந்துகிறது. ஹக்கர்-மக்கர் பழஞ்சொல், அதைத் தொடவே வேண்டாம்.

வேர்ட்நெட்டில் உச்சரிப்பும் இல்லை, சொற்பிறப்பும் இல்லை. உச்சரிப்பு இல்லாதது நேரடி இடைஞ்சல். க்ளான்டெஸ்டினில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். கோவர்ட்டைப் பழைய பிரிட்டிஷ் வழக்கில் கவர்ட் என்பார்கள், அமெரிக்கர்கள் கோவர்ட் என்பார்கள். சொற்பிறப்பு இல்லாதது அதைவிடப் பெரிய இழப்பு. ஸ்டெல்த் என்பது ஸ்டீல், அதாவது திருடு, என்ற வினையோடு ஒரே குடும்பம். தொடக்கத்தில் அதற்குத் திருட்டு என்றே பொருள். ஃபர்ட்டிவ் வந்தது லத்தீனில் திருடனைக் குறிக்கும் ஃபூர் என்ற சொல்லிலிருந்து. சர்ரெப்டிஷஸ் வந்தது, தெரியாமல் பறித்துக்கொள் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து. மூன்று வெவ்வேறு வேர்கள், மூன்றுமே திருட்டில் முளைத்தவை. நம்மிடமும் அப்படியே: களவு என்றால் திருட்டு, களவு என்றால் ஊரறியாக் காதல், கள்ளன், கள்ளச் சாவி, கள்ளப் பார்வை, கள்ளத்தோணி எல்லாம் ஒரு கொடியில் காய்த்தவை. இரண்டு மொழிகளும் இப்படித் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சியை வேர்ட்நெட் தராது. அதற்கு நல்ல சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்ட ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 443ஆம் பிரிவில் லர்க்கிங் ஹவுஸ்-ட்ரெஸ்பாஸ் என்று ஒரு குற்றம் இருந்தது. அதன் இடத்தில் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தச் சொல் தொடர்கிறது. இங்கே லர்க்கிங் என்பதற்குப் புதர் மறைவில் காத்திருப்பது என்று பொருளில்லை. வீட்டுக்காரர் போல வெளியேற்றும் உரிமை உடையவருக்குத் தெரியாதபடி முன்னெச்சரிக்கை எடுத்துக்கொண்டு அத்துமீறி நுழைவதுதான் குற்றம். பழைய சட்டத்தின் 444ஆம் பிரிவு, சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையில் செய்தால் அதைத் தனிக் குற்றமாக எண்ணியது. வேர்ட்நெட் விளக்கத்தை நம்பி முதல் தகவல் அறிக்கையை மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும்.

அப்படியானால் இதை எப்படிப் பயன்படுத்துவது? முதலில் தமிழ் வரியில் மறைக்கப்படுவது உடலா, முகமா, செயலா, செய்வித்தவரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் தெரிந்த பொதுச் சொல் ஒன்றைத் தேடி, சின்செட்டில் உள்ள சொற்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு வரி விளக்கத்தைப் படியுங்கள். பொருள் பொருந்தாவிட்டால் அந்தக் கூட்டத்தையே விட்டுவிடலாம். பொருந்தினால் ஒரு படி மேலே ஏறி, அது நடப்பதன் வகையா, வெறும் நகர்வதன் வகையா, காத்திருப்பதன் வகையா என்று பாருங்கள். இரண்டு அல்லது மூன்று சொற்களைக் குறித்துக்கொண்டதும் வேர்ட்நெட்டை மூடிவிட வேண்டும். மிச்ச வேலை, படிப்போருக்கான ஆங்கில அகராதி ஒன்றிலும், கோகா என்று அழைக்கப்படும் சமகால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பிலும். 1990 முதல் 2019 வரையிலான நூறு கோடிச் சொற்களுக்கு மேல் அதில் உள்ளன; பெயரடையைக் கொடுத்து அடுத்து வரும் பெயர்ச்சொற்களைக் கேட்டால் எது எதோடு ஒட்டும் என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். ஃபர்ட்டிவ், சர்ரெப்டிஷஸ் இரண்டையும் அடுத்தடுத்து அப்படித் தேடிப் பாருங்கள்.

சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கிய ரோஜெட் தெசாரஸ் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1852இல் முதலில் வந்த அந்த நூலின் 1911 பதிப்பு இணையத்தில் இலவசம். 528ஆம் தலைப்பு மறைத்தல், 530 பதுங்கிடம், 533 ரகசியம். சொல்வளத்தில் அது கடல்; ஆனால் சொற்களுக்கு விளக்கமே கிடையாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு மறந்த சொல்லை நினைவுபடுத்தவே அது எழுதப்பட்டது. சொல்லைப் புதிதாகச் சந்திக்கும் நமக்கு வேர்ட்நெட்டின் ஒரு வரி விளக்கம் எவ்வளவோ மேல்.

தமிழ்ச் சொற்களுக்கு இதே போன்ற வலை வேண்டுமென்றால் மும்பை ஐஐடியின் இண்டோவேர்ட்நெட்டில் தமிழும் இருக்கிறது. இந்தி வேர்ட்நெட்டின் கருத்துகளை எடுத்து அவற்றுக்குத் தமிழ்ச் சொல் நிரப்பிய முறை என்பதால், கமுக்கம், நைசாக, திருட்டு முழி போன்ற நம் பேச்சின் சொந்தச் சரக்கை அதில் தேடுவது வீண்.

எந்தப் பதிப்பை இறக்குவது என்பதிலும் கவனம் தேவை. விண்டோஸில் நிறுவும் வடிவம் 2005இல் வந்த 2.1 உடன் நின்றுவிட்டது. லினக்ஸ், மேக் போன்றவற்றுக்கு 2006இன் 3.0 உண்டு. ஆள் பலமும் பணமும் இல்லாததால் திருத்தங்களை இனி ஏற்க முடியவில்லை என்று பிரின்ஸ்டன் தரப்பே அறிவித்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2019 முதல் ஓப்பன் இங்கிலீஷ் வேர்ட்நெட் என்ற திட்டம் நடக்கிறது. உலாவியிலேயே தேடலாம், எதையும் நிறுவ வேண்டாம். பிழை கண்டால் கிட்ஹப்பில் தெரிவிக்கலாம். இன்று புதிதாகத் தொடங்குபவர் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. புஸிஃபுட் போன்ற சொற்களுக்கு அங்கே ஒரு குறிப்பு போடச் சொல்லி எழுதுவதும் பயனுள்ள வேலைதான்.